'ஃபிஜி கூட' என்று சொல்பவர்களுக்கு

2025 நவம்பர் 18. டாக்காவில் இந்திய கால்பந்து அணி வங்கதேசத்திடம் 1-0 என்று தோற்றது. அதே தேதியில் உலகத்தின் இன்னொரு மூலையில், கிங்ஸ்டன் நகரத்தில், ஜமைக்காவோடு 0-0 என்று டிரா செய்து குராசாவ் என்கிற கரீபியன் தீவு 2026 உலகக்கோப்பைக்குத் தகுதி பெற்றது. குராசாவின் ஜனத்தொகை ஒன்றரை லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை தி.நகருக்குள் போய் வந்தவர்களுக்கு அது எவ்வளவு சின்ன எண்ணிக்கை என்று சொல்லத் தேவையில்லை.

மறுநாள் காலையில் எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் நான்கு பேர் ஒரே வாசகத்தை அனுப்பியிருந்தார்கள். "140 கோடி பேர்ல 11 பேர் கிடைக்கலையா?" பக்கத்தில் கண்ணில் தண்ணீர் வர சிரிக்கிற பொம்மை. கேண்டீனில் நண்பன் ஒருவன் இன்னும் ஒரு படி மேலே போனான். "மச்சி, குராசாவை விடு. ஃபிஜி கூட நம்மள அடிச்சிருக்கான், தெரியுமா?"

தெரியும். 2005 ஆகஸ்டில் இந்திய அணி ஃபிஜிக்குப் போய் இரண்டு ஆட்டம் ஆடி இரண்டிலும் தோற்றுத் திரும்பியது. 1-0, 2-1. அவன் சொன்னதில் தகவல் பிழை எதுவும் இல்லை. பிழை எல்லாம் அந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது. 'கூட'.

இந்தக் 'கூட'வோடுதான் எனக்குச் சண்டை. ஒரே சொல்லில் இரண்டு பேரை அவமானப்படுத்த முடியும் என்றால் அது இதுதான். ஃபிஜிக்காரனைப் பார்த்து "நீ எல்லாம் ஜெயிக்கிற ஆளா" என்கிறது. நம்மைப் பார்த்து "ஜெயிக்க வேண்டியது நாமதானே" என்கிறது. ஏன் நாம்தான் ஜெயிக்க வேண்டும்? எண்ணிக்கையில் அதிகமாக இருக்கிறோமாம். வேறு காரணம் யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

சரி, அந்த 'கூட'வுக்குப் பின்னால் இருக்கிற நாட்டைக் கொஞ்சம் பார்க்கலாம். ஏனென்றால் அது நமக்கு அந்நியமான இடமே இல்லை.

பசிபிக் கடலில் முந்நூறுக்கு மேற்பட்ட தீவுகள். மொத்தமாகச் சேர்த்தாலும் ஒன்பது லட்சம் பேர் அளவில்தான். சென்னை மாநகராட்சியில் கால்வாசி கூடத் தேறாது (இந்தக் 'கூட' கணக்குக்காக. மன்னித்துவிடுங்கள் :-)). 1879-இல் இருந்து 1916 வரை வெள்ளைக்காரன் கரும்புத் தோட்டங்களுக்கு அங்கே கப்பல் கப்பலாக ஆள் ஏற்றினான். ஏறத்தாழ அறுபதாயிரம் பேர். 'அக்ரிமெண்ட்' என்ற சொல்லே அவர்கள் வாயில் 'கிர்மிட்' ஆனது. 1903-இல் இருந்து நம்ம மெட்ராஸ் துறைமுகத்தில் இருந்தும் கப்பல் போனது. போனவர்களில் கிட்டத்தட்ட கால்வாசிப் பேர் தென்னிந்தியர்கள். தமிழர், தெலுங்கர், மலையாளிகள். அந்தத் தோட்டத்துப் பெண்கள் பட்ட பாட்டை பாரதியார் பாட்டாகவே எழுதி வைத்தார். பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டிகளில் அந்தப் பாட்டைச் சொல்லி நம்மில் பல பேர் பரிசு வாங்கியிருப்போம். வாங்கிய பரிசோடு ஃபிஜியை மறந்தும் இருப்போம்.

அவர்கள் மறக்கவில்லை. 1926-இல் நாந்தி ஊரில் தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். பள்ளிக்கூடங்கள் கட்டினார்கள். நாந்தியில் கோபுரத்தோடு சிவசுப்ரமணியர் கோயில் இருக்கிறது. சங்கத்தின் ஆண்டு மாநாடு ஈஸ்டர் விடுமுறையில் நடக்கும். மாநாடு என்றால் வெறும் மேடைப்பேச்சு, பொன்னாடை, நன்றியுரை என்று நினைத்துவிட வேண்டாம். கூடவே கால்பந்துப் போட்டியும் நடக்கும். தமிழ்ச் சங்கம் என்று ஒன்று வைத்து அதில் கால்பந்து நடத்துகிறார்கள். நம்மூரில் எந்த மன்றமாவது செய்து பார்த்திருக்கிறோமா?

இன்னும் முக்கியமான வருடம் 1938. அந்த வருடம் 'ஃபிஜி இந்தியக் கால்பந்துக் கழகம்' என்ற பெயரில் ஒரு அமைப்பு உருவானது. அதே வருடம் சுவாவில் மாவட்டங்களுக்கு இடையிலான போட்டியை நடத்தியது. கரும்பு வெட்டியவர்களின் பிள்ளைகளும் பேரன்களும் ஆடிய ஆட்டம். 1960-களின் தொடக்கத்தில்தான் பெயரில் இருந்த 'இந்திய'னை எடுத்துவிட்டு, தீவின் பூர்வகுடிகள் உட்பட எல்லோருக்கும் கதவைத் திறந்தார்கள். அந்தக் கழகம்தான் இன்றைக்கு ஃபிஜியின் தேசிய அணியை நடத்துகிறது. அந்த மாவட்டப் போட்டி இன்றைக்கும் நடக்கிறது. பா, நாந்தி, லௌதோகா, சுவா, ரேவா, லம்பாசா என்று ஊருக்கு ஊர் அணி. பா என்பது சின்ன ஊர். ஆனால் கால்பந்து என்றால் அங்கே பைத்தியம். அதிக முறை கோப்பையைத் தூக்கிய ஊர் அதுதான்.

என் நண்பன் 'ஃபிஜி கூட' என்று சொன்ன ஃபிஜி இதுதான். 1938-இல் இருந்து ஊர் ஊராக மோதிக்கொண்டிருக்கிற ஃபிஜி.

இந்த அணி என்னவெல்லாம் செய்திருக்கிறது என்றும் பார்ப்போம். 1988 ஜூலையில் ஆஸ்திரேலியா, அப்போதைய உலக சாம்பியன் அர்ஜென்டினாவை 4-1 என்று அடித்துத் துவைத்தது. அதே ஆஸ்திரேலியா நவம்பர் மாதம் நாந்திக்கு வந்து ஃபிஜியிடம் 1-0 என்று தோற்றது. 1977-இலும் ஒரு தடவை தோற்றிருக்கிறது. 2015-இல் இருபது வயதுக்குட்பட்டோர் உலகக்கோப்பையில் ஃபிஜி பையன்கள் ஹோண்டுராஸை 3-0 என்று ஜெயித்தார்கள். 2016-இல் ரியோ ஒலிம்பிக்கில் ஃபிஜி கால்பந்து அணி ஆடியது. இந்தியா ஒலிம்பிக் கால்பந்தில் கடைசியாக ஆடியது 1960-இல்.

இந்த இடத்தில் நிறுத்திவிட்டால் நானும் அந்த வாட்ஸ்அப் வாசகத்தைத்தான் கொஞ்சம் நீட்டி எழுதியிருக்கிறேன் என்று ஆகிவிடும். "பாருங்கள், குட்டித் தீவு எவ்வளவு சாதித்திருக்கிறது, நாம் வெட்கப்பட வேண்டாமா" என்று முடித்துக்கொண்டு போய்விடலாம். அது பாதிக் கணக்கு. வரவை மட்டும் எழுதி செலவை மறைத்தால் முதல் வருடம் பி.காம். படிக்கிற பையன் கூடப் பிடித்துவிடுவான்.

ஆகவே செலவுப் பக்கம். 1988-இல் நாந்தியில் ஜெயித்த ஃபிஜி, ஒரு வாரம் கழித்து ஆஸ்திரேலியாவில் நடந்த மறு ஆட்டத்தில் 5-1 என்று தோற்றது. ரியோவுக்கு ஃபிஜி போனதற்கு ஒரு காரணம், தகுதிச் சுற்றில் நியூசிலாந்து விதிக்குப் பொருந்தாத ஆட்டக்காரர் ஒருவரை இறக்கி வெளியேற்றப்பட்டது. ரியோவில் தென்கொரியாவிடம் 8-0. மெக்சிகோவிடம் 5-1. ஜெர்மனியிடம் 10-0. 2025 மார்ச்சில் உலகக்கோப்பைத் தகுதிச் சுற்றின் அரையிறுதியில் நியூசிலாந்திடம் 7-0. ஃபிஜி ஒன்றும் மாயாஜாலம் இல்லை. பல தடவை மூட்டை மூட்டையாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிற அணி.

சரி, குராசாவ்? அந்த அணியில் பெரும்பாலோர் நெதர்லாந்தில் பிறந்து, அங்கே உள்ள பயிற்சிப் பள்ளிகளில் ஆட்டம் கற்றவர்கள். ஒன்றரை லட்சம் பேர் கொண்ட தீவு உலகக்கோப்பைக்குப் போனது என்பது உண்மை. ஆனால் அந்தத் தீவுக்குப் பின்னால் உலகத்தின் தலைசிறந்த கால்பந்து நாடுகளில் ஒன்றின் மைதானங்கள் நின்றன என்பதும் உண்மை. வாட்ஸ்அப் வாசகத்தில் இந்த இரண்டாவது உண்மைக்கு இடம் கிடையாது.

ஆக, ஜனத்தொகையை வைத்துப் போடுகிற கணக்கு இரண்டு பக்கமும் இடிக்கிறது. சின்ன நாடு என்பதால் ஜெயிப்பது அதிசயம் இல்லை. பெரிய நாடு என்பதால் தோற்பது அவமானம் இல்லை. பின்னே எதை எண்ணுவது?

இதற்கு எங்கள் கம்பெனி அக்கவுண்ட்ஸ் வகுப்பிலேயே பதில் இருக்கிறது. ஒரு கம்பெனிக்கு 'ஆத்தரைஸ்டு கேபிடல்' என்று ஒன்று உண்டு. இவ்வளவு வரைக்கும் பங்கு வெளியிடலாம் என்று காகிதத்தில் எழுதி வைத்திருக்கிற தொகை. 'பெய்ட் அப் கேபிடல்' என்று இன்னொன்று உண்டு. உண்மையிலேயே பங்குதாரர்களிடம் இருந்து கைக்கு வந்த பணம். நூறு கோடி ஆத்தரைஸ்டு கேபிடல் வைத்துக்கொண்டு ஒரு லட்சம் பெய்ட் அப் கேபிடலோடு ஒரு கம்பெனி இருக்கலாம். அதன் முதலாளி ஊர் முழுக்க "நூறு கோடி கம்பெனி" என்று பீற்றிக்கொண்டால் நாம் சிரிப்போமா, மாட்டோமா?

140 கோடி என்பது ஆத்தரைஸ்டு கேபிடல். நடந்து போகிற தூரத்தில் ஒரு மைதானம், அதில் வாரா வாரம் ஆட ஒரு அணி, மோத இன்னொரு அணி, வருடம் தவறாமல் ஒரு போட்டி. இதெல்லாம் கிடைத்த பிள்ளைகளின் எண்ணிக்கைதான் பெய்ட் அப் கேபிடல். ஃபிஜியின் ஒன்பது லட்சம் சின்ன மூலதனம்தான். ஆனால் அதில் கணிசமான பங்கு கையில் வந்த காசு. நம்முடையது காகிதம்.

"அதெல்லாம் கிரிக்கெட்தான் காரணம்" என்று இங்கே ஒருவர் எழுந்து நிற்பார். எப்போதும் நிற்பார். உட்காருங்கள் சார். ஃபிஜியின் முதல் விளையாட்டு கால்பந்து இல்லை, ரக்பி. அங்கே ரக்பி என்றால் இங்கே கிரிக்கெட் மாதிரி. ரியோவில் கால்பந்து அணி ஜெர்மனியிடம் 10-0 வாங்கியது ஆகஸ்ட் 10. மறுநாள், ஆகஸ்ட் 11, ரக்பி செவன்ஸ் இறுதியில் பிரிட்டனை 43-7 என்று சாத்தி ஃபிஜி தங்கம் வாங்கியது. ஒலிம்பிக் வரலாற்றிலேயே ஃபிஜியின் முதல் பதக்கம். அப்படிப்பட்ட ஒரு மதத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு கால்பந்து அங்கே 1938-இல் இருந்து மூச்சு விடுகிறது. பெரிய விளையாட்டு ஒன்று பக்கத்தில் இருப்பது சின்ன விளையாட்டைக் கொல்வதில்லை. ஆட இடம் இல்லாததுதான் கொல்கிறது.

இப்போது என் சொந்தக் கதைக்கு வருகிறேன். நான் பெரிய ஆட்டக்காரன் இல்லை. ஒன்பதாம் வகுப்பு வரைக்கும் பள்ளியில் லெஃப்ட் பேக். பத்தாம் வகுப்பு வந்ததும் பி.டி. பீரியடை கணக்கு வாத்தியார் எடுத்துக்கொண்டார். மைதானத்தில் சனி ஞாயிறுகளில் கல்யாணத்துக்கு வருகிறவர்களின் கார்கள் நின்றன. பெயர் சொல்ல மாட்டேன். மயிலாப்பூரிலும் அடையாறிலும் படித்தவர்கள் அவரவர் பள்ளியை நினைத்துக்கொள்ளலாம், பெரிய வித்தியாசம் இருக்காது. இப்போது நானும் நண்பர்களும் ஆட வேண்டும் என்றால் இரண்டு வழி. ஒன்று, விடியற்காலையில் பட்டினப்பாக்கம் கடற்கரை மணல். இன்னொன்று, மாடியிலோ சந்திலோ வலை கட்டி வாடகைக்கு விடும் டர்ஃப். மணிக்கு ஆயிரத்துக்கு மேல். ஆளுக்கு நூறு, நூற்றைம்பது என்று ஜி-பே பண்ணிவிட்டு ஆடுகிறோம். பாக்கெட் மணி தீர்ந்த மாதக் கடைசியில் ஆட்டமும் தீர்ந்துவிடும்.

எனக்காவது ஜி-பே இருக்கிறது. வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் என்னை விடப் பத்து மடங்கு நன்றாக ஆடும் பிள்ளைகளுக்கு?

இங்கேதான் அந்த நாலு வாட்ஸ்அப் நண்பர்களை நான் நிறுத்திக் கேட்க விரும்புகிறேன். 2025-இல் சென்னை மாநகராட்சி ஒரு தீர்மானம் போட்டது நினைவிருக்கிறதா? செயற்கைப் புல் போட்ட ஒன்பது கால்பந்து மைதானங்களைத் தனியாரிடம் விடுவது, ஒரு ஆளுக்கு ஒரு மணி நேரத்துக்கு 120 ரூபாய் வாங்குவது என்று. நம் வரிப்பணத்தில் போட்ட மைதானம். தினமும் ஒரு மணி நேரம் ஆடுகிற பையன் மாதம் 3600 ரூபாய் கட்ட வேண்டும். ஒரு வீட்டில் அண்ணன் தம்பி இரண்டு பேர் ஆடினால் 7200. வட சென்னையில் பல வீடுகளின் வாடகை அது.

ஆடுகிறவர்கள் எதிர்த்தார்கள். கட்சிகள் எதிர்த்தன. மாநகராட்சி பின்வாங்கி, கட்டணம் இல்லை, இலவசமாகவே தொடரும் என்று அறிவித்தது. நல்லது. பின்வாங்கியதைப் பாராட்ட வேண்டும், பாராட்டுகிறேன்.

ஆனால் அந்த நாட்களில் எங்கள் வகுப்புக் குழுவை நேற்று மேலே தள்ளிப் போய்ப் பார்த்தேன். ஐ.பி.எல். ஸ்கோர் இருக்கிறது. இன்டர்னல் மார்க் புலம்பல் இருக்கிறது. 120 ரூபாய் பற்றி ஒரு வரி இல்லை. என் கையில் இருந்தும் ஒரு வரி போகவில்லை, ஒப்புக்கொள்கிறேன். 140 கோடியைப் பற்றி இவ்வளவு வருத்தப்படுகிற நமக்கு 120 ரூபாயைப் பற்றி ஒரு வருத்தமும் வரவில்லை. அந்தப் பதினோரு பேர் எங்கே எங்கே என்று தேடுகிறோம். அவர்கள் ஆடுகிற மைதானத்துக்கு டிக்கெட் கவுண்டர் வைக்கப் பார்த்தபோது நாம் எங்கே இருந்தோம்?

அதனால்தான் சொல்கிறேன், '140 கோடியில் 11 பேர் இல்லையா' என்பது கால்பந்து மேல் உள்ள அக்கறையே இல்லை. கால்பந்தைப் பற்றி யோசிக்காமல் இருப்பதற்கான வசதி. தோற்ற அணியைக் கிண்டல் பண்ணியாகிவிட்டது, சின்ன நாட்டைத் தட்டிக் கொடுத்தாகிவிட்டது, கை கழுவிக்கொண்டு எழுந்துவிடலாம்.

அந்த வாசகத்துக்குக் கண்ணும் சரியாகத் தெரியாது. 2025 ஜூலையில் இந்தியப் பெண்கள் அணி தாய்லாந்தை அவர்கள் மண்ணிலேயே 2-1 என்று ஜெயித்து 2026 ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. தமிழ்நாட்டுப் பெண்கள் 2018-இலும் 2023-இலும் தேசிய சாம்பியன்கள். மதுரைப் பக்கத்து சேது எஃப்.சி. 2019-இல் தேசிய லீகையே வென்றது. அன்றைக்கெல்லாம் குழுவில் எந்தப் பொம்மையும் வரவில்லை. 140 கோடியில் பாதியை எண்ணாமலேயே 11 பேரைத் தேடுகிறோம்.

கடைசியாக ஒன்று. ராய் கிருஷ்ணாவைத் தெரியும்தானே? லம்பாசாவில் பிறந்தவர். இந்திய வம்சாவளி. ஃபிஜி தேசிய அணியின் கேப்டன், அந்த அணிக்காக அதிக கோல் அடித்தவர். ரியோவில் மெக்சிகோவுக்கு எதிராக முதல் கோலை அடித்து ஃபிஜியைக் கொஞ்ச நேரம் முன்னிலையில் நிற்க வைத்தவர். 2019-இல் கொல்கத்தாவின் ஏ.டி.கே. அணிக்கு ஆட வந்து அந்த சீசனில் 15 கோல் போட்டார். 2020 மார்ச் 14-இல் கொரோனாவால் ஆளே இல்லாத ஃபடோர்டா மைதானத்தில் நம்ம சென்னையின் எஃப்.சி.யை 3-1 என்று ஏ.டி.கே. இறுதிப் போட்டியில் அடித்தபோது அவரும் ஆடினார், காயம்பட்டுப் பாதியில் வெளியே போனார். அன்றைக்கு டிவி முன்னால் உட்கார்ந்து நான் அவரைத் திட்டிய வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

அவரைப் பார்த்து "நம்ம ஆளுடா" என்று உரிமை கொண்டாடுகிறவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். அவரை உருவாக்கியது ரத்தம் இல்லை. லம்பாசாவில் ஒரு மைதானம் இருந்தது, ஒரு மாவட்ட அணி இருந்தது, அந்த அணிக்கு வருடா வருடம் மோத ஒரு போட்டி இருந்தது. அதை 1938-இல் தொடங்கி வைத்தவர்களுக்கு 140 கோடி கிடையாது. அதில் ஆடியவர்கள் கரும்பு வெட்டியவர்களின் பிள்ளைகளும் பேரன்களும்தான். இங்கிருந்து கப்பலேறிப் போனவர்கள் அங்கே செய்ததை, இங்கேயே இருக்கிற நாம் செய்ய முடியாதா? இந்தக் கேள்வி கொஞ்சம் வலிக்கும். அதனால்தான் யாரும் இதை ஃபார்வர்டு பண்ணுவதில்லை.

உங்கள் தெருவுக்குப் பக்கத்தில் இருக்கும் மைதானம் யாருடையது, எத்தனை மணிக்குத் திறக்கிறது, யாரை உள்ளே விடுகிறது என்று இந்த வாரம் ஒரு தடவை போய்ப் பாருங்கள். மூடிக் கிடந்தால் உங்கள் கவுன்சிலரிடம் ஒரு மனு கொடுங்கள். நானும் நண்பர்கள் மூன்று பேரும் எங்கள் வார்டில் ஒன்று எழுதி வைத்திருக்கிறோம், திங்கட்கிழமை கொண்டு போகிறோம். மனுவில் கையெழுத்துப் போட முதலில் வந்தவன் யார் என்று நினைக்கிறீர்கள்? 'ஃபிஜி கூட' என்று சொன்ன அதே நண்பன்தான்.

"மச்சி, இனிமே 'ஃபிஜி மாதிரி'ன்னு சொல்லலாமா?" என்று கேட்டான்.

முதலில் மைதானம் திறக்கட்டும்டா, அப்புறம் சொல்லலாம் என்றேன்.